படம் வீட்டுக்குப் போனால் டிஸ்க் காலி

வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் பிரிவில் என் வேலையை இப்போது பார்க்கும் தர்ஷினியின் அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தால் இன்னும் என் கால்கள் சப்பாத்தைத் தேடும். மூளை பிறகுதான் வேலைக்கு வரும்.

"அங்கிள், முதல்ல பயப்படாதேங்கோ," என்றாள்.

ஒருவனைப் பயப்படுத்த இதைவிட நல்ல வசனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மீன் என் கையிலிருந்து நழுவி மற்ற மீன்களோடு போய்ச் சேர்ந்தது. ஸ்கேன் பிரிவில் இத்தனை வருடம் நான் சேமித்த படங்களெல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டன, பொலிஸ் வந்துவிட்டது, எனது பென்ஷன் போய்விட்டது என்ற அளவுக்கு அந்த ஒரு மூச்சுக்குள் போய் வந்துவிட்டேன்.

"பழைய படங்களையெல்லாம், ஃபில்ம் அறையில கிடந்ததையும் படமெடுத்து, புது ஸ்டோரேஜுக்கு மாத்திறம். அதில இருக்கிற புரோகிராம் ஒவ்வொரு படத்தையும் தானே பார்த்து இது தலை, இது நெஞ்சு, இது முழங்கால் எண்டு பிரிச்சு வைக்குது. ஒண்டே ஒண்டைத்தான் விளங்கயில்லை எண்டு துப்பிப்போட்டுது. முக்கோணமா, மூலையெல்லாம் மழுங்கி, நடுவில ஒரு வெள்ளைப் பொட்டு. சுத்திவர செலோடேப் ஒட்டின மாதிரி. இதென்ன உறுப்பு அங்கிள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன்காரர் "மஹத்தயா, மாலு எப்பாத?" என்று கேட்டார். மீன் வேண்டுமா வேண்டாமா என்ற நியாயமான கேள்வி. பாரைக்குத் தலையாட்டிவிட்டு ஃபோனில் சொன்னேன்:

"அது உறுப்பில்லைப் பிள்ளை. கிற்றார்க் கம்பியை அடிக்கிற சின்னப் பிக்."

"அங்கிள், நீங்கள் சுகமாத்தானே இருக்கிறியள்?"

ஸ்டோரேஜ் திறப்பை ஒட்டி ஒரு சின்னச் சிறப்பு மலர் அடிக்கிறார்களாம். அந்தக் கதையை அதற்கு எழுதித் தரச் சொன்னாள். அதுதான் இது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. "மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ" என்பதை மூன்று மொழிகளிலும் சொல்லப் பழகினேன். நோயாளி மூச்சைப் பிடிக்கும்போது நானும் பிடிப்பேன். விடச் சொல்ல மறந்து இரண்டு பேரும் முழியைப் பிதுக்கிய நாட்களும் உண்டு. அப்படியே ரேடியோகிராஃபராகி, ஸ்கேன் பிரிவுக்கு வந்து, கம்பியூட்டர் பக்கம் போக மற்றவர்கள் பயந்ததால் அதற்குப் பொறுப்பானேன். நானும் பயந்தேன்தான். வெளியில் தெரியவில்லை.

அந்த ஸ்கேன் மெஷினின் கம்பியூட்டருக்கு இருந்த ஞாபகசக்தி எங்கள் வீட்டுப் பூனைக்கு இருந்ததைவிடக் குறைவு. பூனைக்கு நேற்று எங்கே கருவாடு வைத்தோம் என்பதாவது தெரியும். ஸ்கேன் என்பது உடம்பைப் பாண் ரொட்டி வெட்டுவதுபோலப் படத்தில் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது. ஒரு ஃபிளொப்பி டிஸ்க்கில் அப்படி இரண்டு வெட்டுத்தான் அடங்கும். ஒரு மனிதரின் நெஞ்சைச் சேமிக்க ஒரு பை நிறைய ஃபிளொப்பி வேண்டும். ஆகவே படங்களைச் சோசர் அளவான, தட்டைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த தனி டிஸ்க்குகளில் எழுதினோம். அவை சிங்கப்பூரிலிருந்து வரும். வருமென்று சொல்வார்கள். வரும்வரை இருப்பதைத்தான் அழித்து அழித்துப் பாவிக்க வேண்டும்.

அந்த டிஸ்க்குகளை அலுமாரியில் பூட்டி, திறப்பைக் கழுத்துப் பட்டிக்குள் வைத்திருந்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் சிவப்பிரகாசம் சேர். நீளமான, மெல்லிய மனிதர். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. குரல் உயர்த்த மாட்டார். ஏதாவது பிழைத்தால் கண்ணாடியைக் கழற்றி, கழுத்தில் கட்டிய ரையின் நுனியால் துடைப்பார். பிழை பெரிதாகப் பெரிதாகத் துடைக்கும் நேரமும் கூடும். அவர் அமைதியாக ஆக, நான் அவருக்கும் சேர்த்துப் பதறுவேன். பிரிவில் ஆளுக்கொரு வேலை இருந்தது, பதறுவது என்னுடையது.

அழிக்கும் சடங்கு வியாழக்கிழமை பின்னேரங்களில் நடக்கும். சேர் கதிரையில் இருப்பார். நான் டிஸ்க்கைப் போட்டு, திரையில் வரும் பெயர்களை உரத்து வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசிக்கக் கூடாது. "ஒரு மனிசன்ர படத்தை அழிக்கேக்க அவற்ர பேரையாவது வாயால சொல்லும்," என்பார். நான் பெயரைச் சொல்வேன். அவர் கேட்பார்:

"படம் கையிலயோ?"

அச்சடித்த ஃபில்மை நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாரா என்று அர்த்தம். மேசை அகலமான கறுப்பு ஃபில்ம், அதில் வரிசை வரிசையாக வெட்டுப் படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் நோயாளியின் பெயர், வெட்டின் இலக்கம், ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோல். "ஓம் சேர், கையில," என்றால் தலையை ஒருமுறை அசைப்பார். நான் அழிப்பேன். அடுத்த பெயர்.

படம் வீட்டுக்குப் போனால் டிஸ்க் காலி. இதுதான் எங்கள் சட்டம். நன்றாக யோசித்துப் பார்த்தால், எங்கள் ஆஸ்பத்திரியின் மெமரி ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. கொம்பனித்தெரு மெத்தைகளின் கீழும் கொட்டாஞ்சேனை அலுமாரிகளின் மேலும் மருதானைக் கதவுகளின் பின்னாலும் இருந்தது. அது பத்திரமான இடமென்று நாங்கள் மனமார நம்பினோம்.

இனி பெர்னதெத் அன்ரி.

ஒரு திங்கட்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து, என் மேசைக்கு முன்னால் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் சூசை அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருமலென்று வந்தவருக்கு எடுத்த புது ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு. வாட்டில் படுக்க வைத்திருந்தார்கள்.

"மகன், வெட்டி எடுக்கணும்னு சொல்றாங்க," என்றார் அன்ரி. "அவருக்கு ஹார்ட்டும் சரியில்ல. மயக்க மருந்து குடுத்தா எழும்புவாரான்னு டொக்டருக்கே சந்தேகம். ஆனா பழைய படத்துல இதே பொட்டு இதே சைஸ்ல இருந்தா வெட்டத் தேவையில்லையாம். எப்பயோ ஆறின பழைய வடுவாம். பழைய படம் இங்கதானே எடுத்தோம்?"

இங்கேதான் எடுத்தோம். சில வருடங்களுக்கு முன், மாதா கோயில் திருவிழாவுக்கு மின்குமிழ் மாலை கட்ட ஏறி, ஏணியோடு இறங்கியிருந்தார் அங்கிள். அப்போது உடைந்த விலாவைப் பார்க்க எடுத்த ஸ்கேன். அந்த அறிக்கை விலாவைப் பற்றி மட்டும் பேசியது. சர்ஜன் புதன்கிழமைக்கு ஒபரேஷன் வைத்திருந்தார்.

டிஸ்க்கைத் தேடப் போனேன். போகும்போதே தெரியும். சூசைப்பிள்ளை என்ற பெயரை ஒரு வியாழக்கிழமை என் வாயாலேயே வாசித்திருந்தேன். சட்டப்படிதான். அந்த இடத்தில் இப்போது வேறு யாருடையவோ முதுகெலும்பு இருந்தது.

"பரவாயில்லை அன்ரி," என்றேன், குரலை உறுதியாக வைத்துக்கொண்டு. "ஃபில்ம் உங்கட வீட்டில இருக்குத்தானே? அதைக் கொண்டு வாங்கோ."

அன்ரி கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கிரகணம் வந்திச்சே மகன்..."

"எந்தக் கிரகணம்?"

"சூரிய கிரகணம். எக்ஸ்ரே படத்தால பாத்தா நல்லாத் தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க லேன்ல படம் வச்சிருந்தது நான் ஒருத்திதான். பாவம், எல்லாரும் கேக்கிறாங்க. தையல் கத்தரிக்கோலால கட்டம் கட்டமா வெட்டி ஊட்டுக்கு ஊடு குடுத்திட்டேன்."

ஃபில்மால் சூரியனைப் பார்த்தால் கண் போகும் என்று டொக்டர்கள் தொண்டை கிழியச் சொல்லியும் கொழும்பில் யார் கேட்டார்கள்? நல்ல கறுப்பாக இருந்தது நுரையீரல் பக்கம்தான் என்பதால் அந்தத் துண்டுகளுக்குத்தான் கிராக்கியாம். நுரையீரல் துண்டொன்றைத் தனக்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டும் யாருக்கோ கொடுத்ததாக அன்ரி பெருந்தன்மையோடு சொன்னார்.

மேசையில் யாரோ கலக்கி வைத்திருந்த தோடம்பழச் சாற்றை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு சேரின் அறைக்கு ஓடினேன். அது சாறு அல்ல. வயிற்று ஸ்கேனுக்கு முன் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து, கசப்புத் தெரியாமலிருக்கச் சாற்றில் கலந்தது. அன்று முழு ஆஸ்பத்திரியிலும் ஸ்கேனுக்கு மிகவும் தயாராக இருந்த வயிறு என்னுடையது.

"சேர், அழிச்சாச்சு சேர், வெட்டியாச்சு சேர், கிரகணம் சேர்," என்றேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்தார், துடைத்தார்.

"ராசா, முதல்ல இரும். பிறகு பயப்படும்."

கதிரையில் இருந்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வெட்டினவதானே? எரிக்கயில்லையே?"

"இல்லை சேர்."

"அப்ப படம் இன்னும் கையிலதான் இருக்கு. கன பேரின்ர கையில. ஒவ்வொரு துண்டிலயும் பேரும் இலக்கமும் இருக்கும். புதுப் படத்தில பொட்டு இருக்கிறது மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியிற மட்டத்தில. அந்த வெட்டுத்தான் எங்களுக்கு வேணும். போய் எடுத்துக்கொண்டு வாரும்."

கடையில் வெற்றிலை வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னார். நான் அன்ரியோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அன்ரியின் லேன் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. அதன் தொடக்கத்திலேயே முதல் துண்டு கிடைத்தது. சுனில் என்பவரின் ஓட்டோவில், கண்ணாடியின் மேல் ஓரத்தில், வெயில் கண்ணில் படாமலிருக்க ஒட்டப்பட்டிருந்தது. சூசை அங்கிளின் இருதயம். கழற்றித் தரக் கேட்டேன்.

"ஏக்க தென்ன பே அய்யே," என்றார் சுனில். தர முடியாது, பின்னேரம் மட்டக்குளிப் பக்கம் போனால் வெயில் நேரே முகத்தில் அடிக்குமாம். இலக்கத்தைப் பார்த்தேன். எங்களுக்கு வேண்டிய வெட்டு அல்ல. இருதயத்தை அவரிடமே விட்டுவிட்டோம்.

ஃபாரூக் நானா வீட்டு மாடியில் துண்டுகள் நூலில் கட்டித் தொங்கின. காயவைத்த மிளகாய்க்குக் காகம் வராமலிருக்கவாம்.

"காகம் பயப்படுதா நானா?" என்று அன்ரி கேட்டார்.

"சூசைட ஈரலப் பாத்தா நானே பயந்து போறேன். காகம் எம்மாத்திரம்," என்றார் நானா.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஈரல், ஈரல், நுரையீரலின் அடி, தோள்மூட்டு. வேண்டிய மட்டம் இல்லை. ஒழுங்கையில் கதை பரவி, ஆட்கள் வீட்டுக்குள்ளிருந்து துண்டுகளோடு வரத் தொடங்கினார்கள். ஒருவர் ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வைத்ததைக் கழற்றி வந்தார். ஒருவர் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்தார். எல்லாவற்றையும் தரையில் விரித்து இலக்கப்படி அடுக்கினேன். மேலே வந்தது, கீழே வந்தது, சுனிலின் துண்டை விட்டால் நடுவில் ஒரேயொரு இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஒன்றுதான்.

பக்தியே இல்லாத நான் எல்லாக் கடவுள்களுக்கும் வரிசையாக நேர்த்தி வைத்தேன். எந்தக் கடவுளுக்கு என்ன வைத்தேன் என்பது இன்றுவரை குழப்பம்.

"ரொமேஷ் இன்னும் வரல்ல," என்றார் அன்ரி திடீரென்று. "கடைசி வீடு. கோயில் பாட்டுக் குவயர்ல கிற்றார் வாசிக்கிற புள்ள."

ரொமேஷ் தன் துண்டைக் கொண்டு வந்து நீட்டினான். இலக்கம் சரி. மட்டம் சரி. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவது தெளிவாகத் தெரிந்தது. இடது நுரையீரல் முழுசாக இருந்தது. வலது நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணமாக ஒரு ஓட்டை.

ஓட்டைக்குள்ளால் ரொமேஷின் முகம் தெரிந்தது.

"என்ன செய்தனீர்?" என்றேன்.

"பிக் வெட்டினேன் அங்கிள். இந்த ஃபில்ம்ல வெட்டினா சவுண்ட் சுப்பரா இருக்கும். நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு இருந்திச்சு, ஸ்டைலா. மத்தப் பக்கத்துல இன்னொண்டு வெட்டலாம்னு இதை வச்சிருந்தேன்."

"அந்தப் பிக் எங்க?"

ரொமேஷ் தலையைச் சொறிந்தான். "நேத்து பூசையில கிற்றாருக்குள்ள விழுந்திட்டுது."

கிற்றார் வாசிப்பவர்களுக்குத் தெரியும், பிக் அந்த வட்ட ஓட்டைக்குள் விழுந்தால் தானாக வராது. கிற்றாரைக் கவிழ்த்துப் பிடித்து உலுக்க வேண்டும். ரொமேஷ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெர்னதெத் அன்ரி கீழே முந்தானையை விரித்துக்கொண்டு. உலுக்கினோம். ஒரு ரூபாய்க் குற்றி விழுந்தது. பச்சைப் பிக் ஒன்று விழுந்தது. காதலியொருத்தியின் ஹெயார் கிளிப் விழுந்தது. ரொமேஷின் அம்மா அதை எடுத்து, ஒன்றும் பேசாமல், இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகு கணவரின் நுரையீரல் அன்ரியின் முந்தானையில் விழுந்தது.

நடுவில் பொட்டு அப்படியே இருந்தது. மூன்று மூலைகளும் தேய்ந்திருந்தன.

சேர் பஞ்சால் விரல் அழுக்கைத் துடைத்து, வெளிச்சப் பெட்டியில் பிக்கை அந்த ஓட்டைக்குள் பொருத்தினார். அச்சொட்டாக உட்கார்ந்தது. செலோடேப்பால் சுற்றி ஒட்டினார். படத்தின் ஓரத்து அளவுகோலைக் கவராயத்தால் எடுத்து, பொட்டின் மேல் வைத்தார். பிறகு புதுப் படத்திலும் அதன் அளவுகோலால் அதேபோல் அளந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறையும் விடச் சொல்ல ஆளில்லை.

"ராசா, ஒரே அளவு," என்றார்.

பிறகு மறுபடியும் அளந்தார். தன்னை நம்பாமல் அல்ல, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

சர்ஜன் வந்து, செலோடேப்பையும் முக்கோணத்தையும் நெடுநேரம் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. நல்ல சர்ஜன். "இத்தனை வருஷத்தில ஒரு துளியும் வளரயில்லை. கத்தி வேண்டாம். சில மாதத்தில திரும்ப ஒருக்காப் படம் எடுப்பம்," என்றார்.

வாட்டில் சூசை அங்கிள் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி முழுக் கதையையும் அழுதுகொண்டே சொன்னார். அங்கிள் அழவில்லை.

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் என்ட நெஞ்சாலதான் ஆண்டவரத் துதிச்சிருக்கான்," என்றார். "அந்தப் புண்ணியம் எனக்கா அவனுக்கா?"

அடுத்த வியாழக்கிழமை சடங்கில் ஒரு கேள்வி கூடியிருந்தது. நான் பெயரை வாசித்தேன்.

"படம் கையிலயோ?"

"ஓம் சேர்."

"வீட்டில கத்தரிக்கோல் இருக்கோ?"

கொழும்பில் கத்தரிக்கோல் இல்லாத வீடு எது? அன்று ஒன்றையும் அழிக்கவில்லை. அதற்குப் பிறகும் அழிக்கவில்லை. டிஸ்க்குகள் நிறைந்து வழிந்தபோது சேர் நிர்வாகத்துக்குப் போய்க் கதையை அப்படியே சொன்னார், குரல் உயர்த்தாமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. புது ஸ்டோரேஜ் வாங்கச் சம்மதித்தார்கள். எங்கள் பிரிவின் மெமரி வளரத் தொடங்கியது விஞ்ஞான முன்னேற்றத்தால் என்று மலரில் வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஒரு தையல் கத்தரிக்கோலால்.

பிறகு சிடி வந்தது, டிவிடி வந்தது, அறை நிறைய ஹார்ட் டிஸ்க் வந்தது. ஒவ்வொரு முறையும் "இனி ஆயுசுக்கும் போதும்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் மெஷின்காரர்கள் உடம்பை இன்னும் மெல்லிசாக வெட்டும் மெஷினைக் கொண்டு வந்தார்கள். பாண் வெட்டியவர்கள் சிப்ஸ் சீவத் தொடங்கினார்கள். இடம் மறுபடியும் நிறைந்தது. என் மனைவிக்குப் பெரிய அலுமாரி வாங்கிக் கொடுத்தபோதும் இதுவேதான் நடந்தது. அதில் எனக்கென்று ஒதுக்கிய ஒரு தட்டும் இப்போது இல்லை. இன்று என் ஃபோனுக்குள் இருக்கும் நகமளவு அட்டையில், சேர் பூட்டி வைத்திருந்த அலுமாரி முழுவதும் அடங்கி, பேரப்பிள்ளைகளின் நடன வீடியோக்களுக்கும் இடம் மிஞ்சும்.

தர்ஷினி சொல்வதைப் பார்த்தால் இனி வருவது இன்னும் வேடிக்கை. ஒருவர் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் இயந்திரமே வரிசையில் நிறுத்தி, எந்தப் பொட்டு எப்போது வந்தது, எது வளர்கிறது, எது சும்மா இருக்கிறது என்று டொக்டர் கதிரையில் இருக்குமுன் சொல்லிவிடுமாம். எலும்பு எவ்வளவு வேகத்தில் தேய்கிறது, இருதயம் எந்த வருடத்திலிருந்து களைக்கத் தொடங்கியது, எல்லாம். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு பதற்றமும்: என் தொப்பை வருடம் வருடமாக முன்னேறிய வரலாறும் அங்கே அழியாமல் இருக்கப் போகிறது. அதைப் பார்த்து அழிக்க ஒரு சிவப்பிரகாசம் சேரும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இடம் குறைவாக இருந்தபோது, எது தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியும் என நினைத்தோம். தெரியவில்லை. விலாவுக்காக எடுத்த படம் நுரையீரலுக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்? இனி நீங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளே. வைத்துக்கொண்டு, தேவையான அன்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்த் தேடவும் வேண்டும். தேட ஆளிருக்கட்டும். இயந்திரம் விளங்கவில்லை என்று துப்பியதைக் குப்பையில் போடாமல் ஃபோன் எடுத்துக் கேட்டாளே தர்ஷினி, அப்படி ஆளிருக்கட்டும்.

சூசை அங்கிளின் பொட்டு அதன் பிறகும் வளரவில்லை. பிக் மட்டும், ஒட்டிய செலோடேப்போடு ஒரு உறைக்குள், ஆஸ்பத்திரி ஃபில்ம் அறையிலேயே இருந்தது. ரொமேஷ் என்னைக் காணும்போதெல்லாம், "அங்கிள், என்ட பிக்," என்பான். "மெடிக்கல் ரெக்கோட், தர ஏலாது," என்று சேரின் பதிலையே நானும் சொல்வேன். இப்போது ஃபில்ம் அறையை ஒழிக்கிறார்கள். அந்த உறையும் வெளியே வந்தது. கல்கிசையில் மகளோடு இருக்கும் சேருக்கு ஃபோன் எடுத்து அனுமதி கேட்டேன்.

"படம் புது ஸ்டோரேஜில இருக்கோ?"

"இருக்கு சேர்."

"ஒரு இடத்திலயோ?"

"மூண்டு இடத்தில சேர்."

"திறந்து பார்த்தனீரோ?"

"தர்ஷினி பார்த்தவ சேர். பேரும் வைச்சாச்சு."

ரையில்லாமல் கண்ணாடியை எதனால் துடைத்தாரோ தெரியாது.

"அப்ப குடும். கிற்றாருக்குள்ள மட்டும் விழுத்த வேண்டாம் எண்டு சொல்லும்."

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரொமேஷுக்கு இப்போது முன்தலை வழுக்கையாக வெளித்துவிட்டது, ஆனால் பிக்கைக் கண்டதும் குதித்தான். வாங்குவதற்கு முன் அங்கிளிடம் கேட்கச் சொன்னேன். பொருள் அவருடையது அல்லவா. அங்கிள் அதை வெளிச்சத்தில் பிடித்து, தன் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "வச்சுக்க," என்றார்.

பூசை தொடங்கியது. நான் கடைசி வரிசை வாங்கில். அங்கிளும் அன்ரியும் முன் வாங்கில். ரொமேஷ் பழைய சந்தோஷத்தில் கம்பிகளைப் படபடவென்று அடிக்க, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. சூசை அங்கிள் மெதுவாகத் திரும்பி, கோயில் முழுவதும் கேட்க அதட்டினார்:

"டேய், மெல்லமா அடிடா! அது என்ட நெஞ்சு!"